எழுதப்படாத காரணம்

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். ஆணும் பெண்ணும் நிகராக உத்தியோகம் பார்க்கும் இக்காலத்தில் அப்பழமொழியின் முதற்சொல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது எனலாம். எனினும் அதன் உட்பொருள் மாறிவிடவில்லை. புதியவர் ஒருவரைச் சந்தித்தால், பெயரைக் கேட்ட மறுகணமே, "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். அக்கேள்விக்கு விடையில்லாதவர், தம் பெயரிலேயே பாதியை இழந்தவர்போல் நிற்கிறார். வேலை கிடைக்காதவருடைய துன்பத்தைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். வேலை கிடைத்து, உற்றார் வாழ்த்தி, முதற்சம்பளம் கைக்கு வருமுன்பே அதை இழந்தவருடைய துன்பமோ வேறு வகைப்பட்டது. அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

2005ஆம் ஆண்டு ஜூலை மாதம். நாங்கள் மூவர் தலைநகர் தில்லியில் ஒரு தனியார் நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர்களாகச் சேர்ந்தோம். ஒருவர் தமிழர், ஒருவர் தெலுங்கர், ஒருவர் மலையாளி. மூவரும் கலைப் பட்டதாரிகள். இயந்திரங்களை இயக்கும் முறையைக் கூறும் கையேடுகளை இந்திய மொழிகளில் பெயர்த்துத் தருவது எங்கள் பணி. ஊரில் அச்சகத்திலும், டுட்டோரியல் கல்லூரியிலும், நாளிதழிலும் சிறிய வேலைகளில் இருந்தவர்கள் நாங்கள். அவற்றை ராஜினாமாச் செய்துவிட்டு, பெட்டி படுக்கையுடன் ரயிலேறினோம். முனிர்க்காப் பகுதியில் முன்பணம் கொடுத்து வாடகைக்கு இடம் பிடித்தோம். எங்களுள் ஒருவர் மணமானவர். மனைவியையும் உடன் அழைத்து வந்திருந்தார்.

23ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்களை ஒருவர்பின் ஒருவராக உள்ளே அழைத்தார்கள். ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்கள். அதில் ஆங்கிலத்தில் நான்கே வரிகள். தகுதிகாண் பருவ நிபந்தனையின்படி, எங்கள் பணி அன்று மாலையோடு முடிவடைகிறது என்பது அதன் பொருள். ஏன் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. "இது நிர்வாகத்தின் முடிவு" என்பதற்குமேல் எங்களுக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

நாங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் அல்லவா? படிக்கட்டில் இறங்கும்போதே அக்கடிதத்தை மனத்துக்குள் தாய்மொழியில் பெயர்க்கத் தொடங்கினோம். பெயர்க்கும்போது, மூலத்தில் இல்லாத ஐந்தாவது வரியொன்றை ஒவ்வொருவரும் சேர்த்துக்கொண்டோம். ஒருவர், "நம் ஆங்கில அறிவு போதவில்லை, அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று சேர்த்தார். இரண்டாமவர் அதற்கு முந்தின வாரம் ஒரு கலைச்சொல்லைப் பற்றி மேற்பார்வையாளரோடு வாதாடியவர். "நாவை அடக்காததன் பலன்" என்று அவர் எழுதிக்கொண்டார். மூன்றாமவர் காய்ச்சலுக்காக அரைநாள் விடுப்பு எடுத்தவர். அந்த அரைநாளே தம் தலையில் இடியாய் விழுந்ததென்று முடிவு செய்தார். ஒரே நாளில், ஒரே வாசகத்தில் மூவருக்கும் கடிதம் வந்திருக்கிறதே, மூவரும் வெவ்வேறு குற்றங்களுக்காகவா நீக்கப்பட்டிருப்போம் என்று எண்ணிப் பார்க்கும் தெளிவு அன்று எங்களில் எவருக்கும் இல்லை.

மணமானவர் செய்தியை மனைவியிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை வழக்கம்போல் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். லோதித் தோட்டத்திலே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, அலுவலகம் விடும் நேரத்துக்கு வீடு திரும்பினார். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மாலை அவருடைய காற்சட்டையின் கீழ்ப்புறத்தில் ஒட்டியிருந்த புல்விதைகளை மனைவி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து பாராமலே, "உங்கள் அலுவலகத்தில் புல் முளைத்திருக்கிறதா?" என்று கேட்டார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எங்களுள் அந்த மணமானவர் யார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஏழு மாதங்களுக்குப் பிறகு, அந்த நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவரைப் பேருந்து நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்தோம். அவர் உண்மையைச் சொன்னார். கையேடுகளைக் கேட்டிருந்த வாடிக்கையாளர் தென்மொழிகள் இப்போது வேண்டாமென்று நிறுத்திவிட்டாராம். தென்மொழிப் பிரிவே அன்று மூடப்பட்டதாம். எங்கள் ஆங்கிலமும், வாதமும், அரைநாள் விடுப்பும் அந்த முடிவில் எள்ளளவும் இடம் பெறவில்லை. ஏழு மாதங்களாக மூன்று பேர் மூன்று பொய்க் காரணங்களைச் சுமந்து திரிந்திருக்கிறோம்.

பின்னர் எங்களுள் ஒருவர் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்தபோது, சட்ட ஆவணங்களையும் பணி விதிகளையும் பெயர்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அப்போதுதான், காரணம் சொல்லாத இத்தகைய ஆணையைச் சட்டம் எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறது என்பது விளங்கிற்று. பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றையும் "வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்" என்று ஒரே தொடரால் சொல்லிவிடுகிறோம். விதிகளோ அவ்வாறு சொல்வதில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் பணியறவு ஒன்று, பணிநீக்கம் மற்றொன்று. இரண்டும் தண்டனைகள். பணியறவு பெற்றவர் பொதுவாக மீண்டும் அரசுப் பணியில் சேர முடியாது. பணிநீக்கம் பெற்றவருக்கு அத்தடை இல்லை. தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை, நியமன நிபந்தனைகளின்படி விடுவிப்பதோ தண்டனையே அன்று என்று அவ்விதிகள் தெளிவாகக் கூறுகின்றன.

இந்த வேறுபாட்டின் உயிர்நிலையை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஆராய்ந்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 311ஆம் விதி, அரசின் குடிமைப் பணியில் இருப்பவரைக் குற்றச்சாட்டு இன்னதென்று தெரிவித்து விசாரிக்காமல், பதவியிலிருந்து பொதுவாக நீக்கலாகாது என்கிறது. தகுதிகாண் பருவத்தினருக்கும் இக்காப்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. ரயில்வே ஊழியர் பர்ஷோத்தம் லால் திங்ராவின் வழக்கில் 1957ஆம் ஆண்டு ஒரு தெளிவு பிறந்தது. தண்டனையாக நீக்கினால் காப்பு உண்டு. தண்டனையின்றி நிபந்தனைப்படி விடுவித்தால் இல்லை. வழக்குத் தொடுத்தவருக்கு வெற்றி கிட்டவில்லை. ஆயினும் அவர் பெயரால் ஓர் அளவுகோல் நிலைபெற்றது.

1974ஆம் ஆண்டு சம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்த ஆயம் ஒரு படி மேலே சென்றது. பஞ்சாபில் நீதித்துறைப் பணியில் தகுதிகாண் பருவத்தில் இருந்த இருவர் நீக்கப்பட்ட வழக்கு அது. ஆணையின் சொற்கள் எவ்வளவு மென்மையாக இருப்பினும், அதன் உள்ளே குற்றச்சாட்டு ஒளிந்திருக்குமானால், விசாரணையின்றி அந்த ஆணை நில்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. இருவரின் நீக்கமும் ரத்தாயிற்று.

இன்னொரு வழக்கு நினைவில் நிற்கத்தக்கது. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு மழைக்காலைப் பொழுதில், ஐதராபாத் தேசியக் காவல் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி அதிகாரிகள் உடற்பயிற்சிக்குத் தாமதமாக வந்தார்கள். அவர்களுள் ஒருவர், பணிக்குத் தகுதியற்றவர் என்று சில மாதங்களில் விடுவிக்கப்பட்டார். ஆணையிலே மழையும் இல்லை, தாமதமும் இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் கோப்பைத் திறந்து பார்த்தது. அந்தக் காலைப்பொழுது நிகழ்ச்சியே உண்மையான அடிப்படை என்று கண்டு, 1984ஆம் ஆண்டு அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது.

இவ்வழக்குகளிலிருந்து நமக்கு விளங்குவது என்ன? காரணம் சொல்லாத ஆணை ஒன்று உண்மையிலேயே குற்றம் சாட்டாதது. அல்லது குற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாதது. முதலாவதானால் அதனால் நமக்குக் களங்கம் இல்லை. இரண்டாவதானால், கேளாமல் தீர்ப்பளிப்பதைச் சட்டமே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டிலும், விசாரணையில்லாமல் நம்மை நாமே குற்றவாளியாக்கிக்கொள்ள இடமில்லை.

இவையெல்லாம் அரசுப் பணியாளருக்கு உரியவை. தனியார் நிறுவனங்களில் பணியாற்றும் பெரும்பாலோருக்கு இவ்வளவு காப்பு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு முன் ஒரு மாத அறிவிப்பு, இழப்பீடு ஆகியவை அச்சட்டத்தின்படியும் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளருக்கே உரியன. 23ஆம் நாளில் வெளியேறுபவருக்கு அவை எட்டாக்கனி. ஆயினும் அவர் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பணியில் சேருவோருக்கு நியமனக் கடிதம் கொடுப்பதையும் புதிய சட்டத் தொகுப்புகள் கடமையாக்கியிருக்கின்றன.

ஆகவே, இந்நிலை யாருக்கேனும் நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியவை சில உண்டு. வாய்மொழியாக "நாளை வர வேண்டாம்" என்றால், அதை எழுத்தில் தரும்படி பணிவோடு கேட்க வேண்டும். நியமனக் கடிதத்தில் அறிவிப்புக் காலம் பற்றிய நிபந்தனையைப் படித்து, அதற்குரிய தொகை வருமா என்று பார்க்க வேண்டும். "நீங்களே ராஜினாமாச் செய்ததாக எழுதிக் கொடுங்கள்" என்றால், அங்கேயே கையொப்பமிடாமல், ஒரு நாள் அவகாசம் கேட்டு, அறிந்தவர் ஒருவரைக் கலந்து முடிவு செய்ய வேண்டும். காரணத்தையும் ஒரு கடிதத்தில் கேட்கலாம். விடை வராமற் போகலாம். வந்தால் அது கசப்பாகவும் இருக்கலாம். நீக்கப்படும் எல்லாருமே குறையற்றவர்கள் என்று நாம் வாதிக்கவில்லை. சில வேளை குறை நம்முடையதாகவே இருக்கும். ஆனால் தெரிந்த குறையைத் திருத்திக்கொள்ள முடியும். கற்பனைக் குறையைத் திருத்தவும் முடியாது. அதிலிருந்து விடுபடவும் முடியாது. தம் ஆங்கிலமே காரணம் என்று நம்பிய எங்கள் நண்பர், நல்ல மொழிபெயர்ப்பாளராக இருந்தும், அந்த ஏழு மாதங்களில் ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை.

இனி, அடுத்த நேர்காணல். "அங்கே ஏன் 23 நாள் மட்டும் இருந்தீர்கள்?" என்று கேட்பார்களே என்ற அச்சம் பலரை வாட்டுகிறது. எங்களிடமும் கேட்டார்கள். "தகுதிகாண் பருவத்தில் பணி முடிக்கப்பட்டது, கடிதத்தில் காரணம் தெரிவிக்கப்படவில்லை. அந்த நாட்களில் நீரேற்றும் இயந்திரத்துக்கான கையேடு ஒன்றை முழுவதும் பெயர்த்து முடித்தோம்" என்று மட்டும் சொன்னோம். கேட்டவர் தலையசைத்துவிட்டு, அக்கையேட்டில் கடினமாக இருந்த சொல் எது என்று கேட்டார். அச்சொல்லைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினோம். நாங்கள் இரவெல்லாம் அஞ்சிக் காத்திருந்த கேள்வி அத்துடன் முடிந்துபோயிற்று.

வேலை கொடுப்போருக்கும் ஒரு வேண்டுகோள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும், பிரிந்து செல்பவரிடம் காரணத்தை ஒரு வரியில் சொல்லி அனுப்புங்கள். "இப்பிரிவை மூடுகிறோம்" என்ற ஒரு வரியை எழுத எவ்வளவு மை செலவாகும்? அந்த ஒரு வரி இருந்திருந்தால், அன்று மூன்று பேர் தம்மைத் தாமே தண்டித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உற்றார் உறவினருக்கும் ஒரு சொல். வேலை இழந்து வீட்டுக்கு வந்தவரிடம், "என்ன தப்புச் செய்தாய்?" என்பதை முதற்கேள்வியாகக் கேட்காதீர்கள். அதை அவர் வழியெல்லாம் தம்மையே கேட்டுக்கொண்டுதான் வந்திருப்பார்.

எங்கள் தொழிலில் சேரும் இளைஞர்களுக்கு முதல்நாளே ஒரு விதியைச் சொல்லிக் கொடுக்கிறோம். மூலத்தில் உள்ளதை விடக் கூடாது; மூலத்தில் இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. கோப்புகளைப் பெயர்க்கும்போது இவ்விதியைக் கண்ணுங்கருத்துமாகக் காக்கிறோம். அந்த நான்கு வரிக் கடிதம் இன்றும் எங்களுள் ஒருவரின் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் படித்துப் பார்க்கிறோம். அதில் இன்றும் நான்கு வரிகள்தாம் இருக்கின்றன.