மாமல்லன் குடித்த இளநீர்

தாமல் மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, வணக்கம்!

எல்லைகளைப் பற்றிப் பேசச் சொல்லித் தலைவர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். உங்கள் தறியில் ஓடும் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. புடவைக்குப் பெயர் காஞ்சிபுரம்! உங்களிடம் வந்து நான் எல்லையைப் பற்றி என்ன சொல்வது? ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள்.

ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தி, மானவர்மன் என்று ஒரு சிங்கள இளவரசன். ஊரில் பதவிச் சண்டை. கடல் தாண்டி இந்தக் காஞ்சிக்கு ஓடி வந்தான். பல்லவ மன்னன் மாமல்லன் நரசிம்மவர்மன் அவனைக் கூடவே வைத்துக்கொண்டான். மனைவியும் வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள். இலங்கையின் சூளவம்சமே இதைச் சொல்கிறது.

ஒரு நாள் யானைச் சவாரி. மாமல்லனுக்குத் தாகம். இளநீர் குடித்துவிட்டு மிச்சத்தை மானவர்மனிடம் நீட்டினான். அரசன் வாய் வைத்த எச்சில்! நண்பன் கொடுத்ததில் எச்சில் என்ன என்று வாங்கிக் குடித்தான் இளவரசன். மாமல்லன் என்ன செய்தான் தெரியுமா? அதே இளநீரைத் திரும்ப வாங்கி, அவன் குடித்த மிச்சத்தைத் தானும் குடித்தான்! அன்று முதல் தனக்கு என்ன சாப்பாடோ அதுவே அவனுக்கும். படை கொடுத்து அனுப்பினார்கள், காரியம் கைகூடாமல் திரும்பி வந்தான். அப்போதும் காஞ்சி கதவைச் சாத்தவில்லை. மறுபடியும் படை கொடுத்து அரியணையில் உட்கார வைத்தது.

அப்பேர்ப்பட்ட ஊரய்யா இது!

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதே கடலைத் தாண்டி நம் சொந்தச் சனம் வந்தது. முகாம்களில் மட்டும் இன்றைக்கும் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள். அங்கே வளரும் பிள்ளையைப் பாருங்கள். வீட்டில் அம்மம்மா சொதி வைத்துக்கொண்டு மன்னார்க் கடலைப் பற்றிக் கதை சொல்கிறாள். அவன் மன்னாரைப் பார்த்ததே இல்லை. பள்ளியில் முதல் வரிசையில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறான். கல்லூரி முடித்து வேலைக்குப் போனால், நீ எந்த நாடு என்று கேட்கிறார்கள். என்னய்யா பதில் சொல்வான்?

ஈழம், ஈழம் என்று தொண்டை கிழியக் கத்தி ஓட்டு வாங்கிப் போனவர்களைக் கேட்கிறேன். கும்மிடிப்பூண்டி முகாமுக்குள் எத்தனை முறை கால் வைத்தீர்கள்? அந்தப் பிள்ளைகளுக்காக எத்தனை மனு எழுதினீர்கள்? பேர் வேண்டாம் என்று தலைவர் சைகை காட்டுகிறார். சரி, சொல்லவில்லை. யாருக்குச் சுடுகிறதோ அவர்களுக்குத் தெரியும்!

2021-இல் அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் அல்லவா இருக்கிறது? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாட்டுக்காரர்களுக்கு வழி வைத்தார்கள். அதில் இலங்கை இல்லை.

ஒரு பெண். விளம்பரம் கேட்காதவள், அதனால் பேர் சொல்லப் போவதில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தாள். பாஸ்போர்ட் கேட்டாள், மறுத்தார்கள். விடவில்லை. மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போய் 2022-இல் தீர்ப்பு வாங்கினாள். 2024 தேர்தலில், நாற்பதை நெருங்கும் வயதில், வாழ்க்கையில் முதல் ஓட்டுப் போட்டாள்! என் கண்ணுக்கு வீராங்கனை அவள்தான்!

அந்தத் தீர்ப்பு எப்படிக் கிடைத்தது? 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது சட்டம். அன்றைக்கும் அதற்குப் பிறகும் பிறந்தால், பிறந்த இடம் மட்டும் போதாது. தாய் தகப்பன் யார் என்று கேட்கும். ஒரே தாய் வயிற்றில் 1986-இல் பிறந்த அக்கா இந்தியக் குடிமகள், 1988-இல் பிறந்த தம்பி அகதி. இதுவா நியாயம்?

அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடு என்று தாமலிலிருந்து ஒரு தீர்மானம் டெல்லிக்குப் போகட்டும். வருகிறவர்கள் இப்போதே கை தூக்குங்கள்!