எட்டு முடித்த கையோடு

வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்கள் முதலில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது பள்ளிக்கூடம்! சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் சேர்த்து ஒரே படிப்பு. பதினொன்று, பன்னிரண்டும் அப்படித்தான். நடுவில் நுழைய வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆகவே பிள்ளை எட்டையோ பத்தையோ முடித்த கையோடு கிளம்புவது புத்திசாலித்தனம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்குத் தமிழ்தான் மலை. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். துபாயில் அரபியும் இந்தியும் படித்த பிள்ளை வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசும்; 'பள்ளி' என்று எழுதச் சொன்னால் எந்த 'ளி' என்று அம்மா முகத்தைப் பார்க்கும். டிக்கெட் போடுவதற்கு முன்பே, ஊரிலிருக்கும் தாத்தாவிடம் சொல்லி இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை வரவழைத்துவிடுங்கள்.