திருத்தம் கொண்டுவந்த நல்லையா மாஸ்டர்

மட்டக்களப்பின் எழுவான்கரையில் இருந்தாலென்ன, படுவான்கரையில் இருந்தாலென்ன, நல்லையா மாஸ்டர் என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். அவர் செய்த பெரிய காரியந்தான் மறந்துபோயிற்று.

1943இல் திருகோணமலை – மட்டக்களப்புப் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குப் போனார் வி. நல்லையா. ஆங்கிலம் தெரியாதவனுக்குத் தன் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்றே விளங்காத காலம் அது. 1944 மே மாதம், சிங்களத்தை உத்தியோக மொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தனா சபையில் எடுத்தார். ஆங்கிலமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நல்லையா சொல்லியிருக்கலாம். படித்த தமிழருக்கு உத்தியோகம் தந்த மொழி அதுதானே. அவர் அப்படிச் சொல்லவில்லை. சிங்களத்தோடு தமிழும் உத்தியோக மொழியாகட்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக 29 வாக்குகள், எதிராக 8. ஜயவர்த்தனாவே இணங்கினார். பண்டாரநாயக்காவும் தமக்கு ஆட்சேபனை இல்லை என்றார். ஆம் நேயர்களே, 1956இல் தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த அதே பண்டாரநாயக்காதான்!

நான் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்த காலத்தில், 1956ஐப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் மளமளவென்று சொல்வார்கள். 1944 என்றால் வகுப்பே வாயடைத்துவிடும். கதையைச் சொன்னபோது ஒரு மாணவி எழும்பி, "சேர், 29 பேர் ஒத்துக்கொண்டார்கள்தானே, பிறகேன் நடக்கவில்லை?" என்று கேட்டாள். நிறைவேறியது தீர்மானம், சட்டமல்ல. அதை எப்படிச் செயற்படுத்துவதென்று ஆராய ஒரு குழு; அந்தக் குழுவின் அறிக்கை 1946இல் வந்தது. சுதந்திரமும் வந்தது. கச்சேரிக் கடிதம் மட்டும் ஆங்கிலத்திலேயே வந்துகொண்டிருந்தது. அந்த இழுத்தடிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாது. இரண்டு மொழி வைப்பது உலகில் இல்லாத புதுமையா? அயர்லாந்து 1937இல் ஐரிஷை முதல் உத்தியோக மொழியாக்கியபோது, ஆங்கிலத்தையும் இரண்டாவதாக ஏற்றுக்கொண்டது.

நேரம் நெருங்குகிறது; இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் மத்திய கல்லூரித் திட்டத்தில் வந்தாறுமூலைக்கும் ஒன்று கிடைக்க உழைத்தவர் நல்லையா. அந்த வளவில்தான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நல்லையா பின்னாளில் கல்குடாவின் நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர். அதையெல்லாம் இன்னொரு நாள் பேசலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் அந்த 1944 விவாதப் பதிவைத் தேடி எடுத்து, முழுவதையும் தமிழில் தருவார் என்று நம்புகிறேன்.