‘இலவச’ இணையமும் ஏகபோக மூலதனமும்

2015ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் கைகோத்து, ஏழைகளுக்கு இலவச இணையம் என்ற முழக்கத்தோடு இந்தியாவில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ எனப் பெயர் மாற்றப்பட்ட அத்திட்டத்தில் முழு இணையம் கிடைக்கவில்லை. அந்நிறுவனத்தின் விதிகளை ஏற்ற சில தளங்கள் மட்டுமே கிடைத்தன. ஏழைகள் எதைப் படிக்கலாம் என்பதை முதலாளி தீர்மானிக்கும் ஏற்பாடே அது.

முழுப்பக்க விளம்பரங்கள் நாளேடுகளை நிறைத்தன. ஆயினும் இணையச் சமத்துவம் கோரி இலட்சக்கணக்கானோர் குரலெழுப்பினர். 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்திற்கேற்ப இணையக் கட்டணத்தை வேறுபடுத்துவதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடை செய்தது.

மூலதனம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 2020 ஏப்ரலில் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸின் 9.99 விழுக்காட்டுப் பங்கினை 43,574 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. கோடிக்கணக்கான மக்களின் அலைபேசி இணைப்பும், அவர்கள் நாள்தோறும் உரையாடும் வாட்ஸ்அப்பும் பங்காளிகளாயின.

ஒரு திட்டத்தைத் தடுக்க ஓர் ஆணை போதும். ஏகபோகத்தைத் தடுக்க, மக்களின் தரவுகள் மீது மக்களுக்கே உரிமை வேண்டும் என்ற இடையறாப் போராட்டம் தேவை. 2016இல் ஒன்றுபட்ட குரல் வென்றது. அக்குரல் மீண்டும் எழட்டும்!