முகாமின் முதல் ஏடு

பூகம்பத்தில் வீடிழந்தோரை முகாமில் வைத்துப் பராமரிப்பதற்கென உலகம் வகுத்திருக்கும் விதிகள் நம் மலைநாட்டுக்கு எதற்கு என்று ஹட்டனிலோ நானுஓயாவிலோ இருந்து கேட்பவர் நினைக்கலாம். ஆனால், மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின்மீது விழும் நாளில் நம் ஜனங்கள் படும் அவஸ்தை பூகம்பத்தின் அவஸ்தைக்குச் சற்றும் குறைந்ததன்று.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதைந்தபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வீடில்லை, சிலருக்குப் பெற்றோருமில்லை. காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டுப் பின்னர் வெகுவாகக் குறைந்ததே, அதற்குக் காரணம் யாது? லயத்தின் இன்ன காம்பிராவில் இன்னார் வசித்தனர் என்று உடனே எடுத்துக்காட்ட நம்பகமான ஏடொன்று கைவசம் இல்லாமையே. பிரட்டுக் களத்தில் நாள் தவறாமல் பேர் கூப்பிடும் தோட்டத்தில் இந்நிலை நேர்ந்தது என் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது.

ஆகவே, அரிசியும் கம்பளியும் வந்திறங்கும் அதே வேளையில், முகாமாகும் பாடசாலையின் வாசலில் ஒரு மேசையிட்டு, வருவோரின் பெயர், லயம், தொலைந்த அடையாள அட்டை, விடாமல் உண்ண வேண்டிய சீனி வியாதி மாத்திரை, துணையின்றி வந்த பிள்ளை என ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ள ஒருவரை அமர்த்துவதே முகாம் நிர்வாகத்தின் முதற் கருமம் என்பேன். ஆளுக்கு மூன்றரைச் சதுர மீற்றர் இடம், நாளொன்றுக்குப் பதினைந்து லீற்றர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம் என்று ஸ்பியர் எனும் சர்வதேச நியமம் கூறுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் ஐவர் வாழும் குடும்பத்துக்கு அந்த முகாம் அளவுகூட வாய்த்ததில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

முதலில் பாடசாலைகளிலும், பின்னர் கைவிடப்பட்ட மக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கிய மீரியபெத்தைக் குடும்பங்களுக்கு 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில்தான். காணியே இங்கு சிக்கல்: தோட்ட நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பது. தலைமுறை தலைமுறையாக அதில் உழைத்தவர்களுள் பெரும்பாலோருக்கோ ஒரு பேர்ச்சும் சொந்தமில்லை. மாற்றுக் காணி நிச்சயமாகாதவரை எந்த முகாமும் மூடப்படலாகாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் சரிவுகள் மீண்டும் பெயர்ந்தன. அடுத்த பெருமழைக்கு முன்பாகவேனும், கிராம சேவகரும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரும் சேர்ந்து ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் ஏடு எழுதி, அதன் பிரதியொன்றைப் பிரதேச செயலகத்தில் வைத்திட வேண்டும். தோட்டத் தலைவர்கள் அதை இந்த வாரமே கேட்டு வாங்க வேண்டுகிறேன்.