பண்ணும் பொறியும்



தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு இராசராச சோழன் (985–1014) பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தான். ஒவ்வொருவர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல் என்று கல்வெட்டுக் கூறும். ஐம்பதின்மர்க்கும் கூட்டினால் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைக் கலம். காவிரி விளைத்த நெல்லே அந்நாளிற் பண்களைக் காத்தது எனின் மிகையன்று.

இன்று அப்பண்களை ஆராயவல்ல புதியதொரு பொறி வந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு என்பர். 2011 முதல் 2017 வரை பார்சிலோனா நகரத்துப் பொம்பேயு பாப்ரா பல்கலைக்கழகத்திலே சேவியர் செர்ரா என்னும் அறிஞர் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. கருநாடக இசை, இந்துஸ்தானி இசை, துருக்கியரது மகாம் இசை, அரபு அந்தலூசிய இசை, பீகிங் நாடக இசை ஆகிய ஐந்தனையும் கணிப்பொறி கொண்டு ஆய்ந்தனர். சென்னை ஐ.ஐ.டி. அறிஞரும் இதிற் பங்குகொண்டனர். மேனாட்டு இசையின் அளவுகோலை எல்லா இசைக்கும் இடுதல் பொருந்தாது என்பதே அவ்வாராய்ச்சியின் அடிப்படை, பாராட்டத்தக்க நேர்மை!

பொறி முதற்கண் தம்புராவின் ஒலிகொண்டு ஆதார சுருதியைத் துணிகிறது. பின்னர்க் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைகிறது. ஒரு தாயியை 1200 சென்ட் என்னும் நுண்கூறுகளாக்கி அளக்கின்றனர். அங்ஙனம் அளந்தவிடத்துத் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் புள்ளியாக அமையவில்லை. அசைந்தாடும் ஒரு பரப்பாகவே தோன்றுகிறது.

இத்தஞ்சையிலிருந்தே ஆபிரகாம் பண்டிதர் சுருதி 22 அன்று, 24 என வாதிட்டார். 1916-இல் பரோடா இசை மாநாட்டிலும் அதனை நிலைநாட்ட முயன்றார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். அவர்க்கு இப்பொறி கிடைத்திருப்பின் எத்துணை இரவுகள் உறங்காதிருந்திருப்பாரோ!

ஆயினும் ஓர் ஐயம் உண்டு. பொறி தான் கேட்டதனையே கற்கும். அது மிகுதியாகக் கேட்டது கச்சேரி இசையை; ஓதுவார் இசையைக் கேட்டது மிகச் சிறிது. கோயிலில் ஓதுவார் தம்புராவின்றிக் கைத்தாளம் ஒன்றே துணையாகப் பாடுவதும் உண்டு. ஆங்கே பொறி ஆதாரந் தேடித் தடுமாறும். கொல்லி, கொல்லிக்கௌவாணம் என்னும் இரு பண்களையும் இந்நாளில் நவரோசு இராகத்திலேயே பாடுவர். பொறி கேட்டால் இரண்டும் ஒன்றே எனத் தீர்ப்பளிக்கும். முன்னோர் இரு பெயர் இட்டது வீணோ? வேற்றுமை கட்டளையில் உளதோ, மறைந்த சுரநடையில் உளதோ? இராகப் பெயர் மட்டும் கற்ற பொறி இதற்கு விடை கூறாது.

தில்லையில் ஏடு கிடைத்தும் பண் கிடைத்திலது. திருவெருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த நங்கை ஒருத்தி பாடவே அது கிடைத்தது என்பது திருமுறைகண்ட புராணச் செய்தி. ஆதலின் முதியராய ஓதுவார் பாடக் கேட்டுப் பதிய வேண்டும். பதிகம், பண், கட்டளை, ஆசிரியர் மரபு ஆகியவற்றையும் உடன் எழுதி வைத்தல் வேண்டும். அதன்பின் கொல்லியையும் கொல்லிக்கௌவாணத்தையும் அருகருகே வைத்து, பொறியை மீண்டும் கேட்கலாம்.