பொத்தானை அமுக்கியும் ஓயாத அழுகை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கணினியில் ஆடும் கேமைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் தாய்மார்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. "பொழுதுக்கும் அதேதான் சார், சோறு போட்டு வச்சாலும் எழுந்து வர்றதில்ல" என்பீர்கள். நியாயந்தான். சுட்டுத் தள்ளுகிற கேமுக்கும் காசு பிடுங்குகிற கேமுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. வேறு வகையும் ஒன்று உண்டு. அதை ஆடியவர்கள் பெரியவர்களாக இருந்தும் தேம்பி அழுதிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ரையன் கிரீன், ஏமி கிரீன் என்று ஒரு தம்பதியர். அவர்கள் மகன் ஜோயல் 2009இல் பிறந்தவன். ஒரு வயதிலேயே மூளையில் புற்றுநோய்க் கட்டி. அதிக நாள் தாங்காது என்று மருத்துவர்கள் கைவிரித்து விட்டார்கள். பிள்ளையோ மேலும் நான்கு ஆண்டுகள் சிரித்து விளையாடி, 2014 மார்ச் மாதத்தில் கண்ணை மூடினான். அவன் உயிரோடு இருந்தபோதே தகப்பனார் சில நண்பர்களோடு சேர்ந்து அந்த வாழ்க்கையை ஒரு கேமாகச் செய்யத் தொடங்கியிருந்தார். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. பொதுமக்கள் கொடுத்த நன்கொடையும் சேர்ந்துதான் வேலை முடிந்தது. ஜோயலுக்கு ஏழு வயது நிறைந்திருக்க வேண்டிய நாளில், 2016 ஜனவரி 12ஆம் தேதி, அது வெளிவந்தது. பெயர் 'தட் டிராகன், கேன்சர்'. புற்றுநோய் என்னும் அந்த டிராகன் என்று பொருள். சீனப் பெருநாளில் ஆட்டிக்கொண்டு வருவார்களே, அதைப் போன்ற அழகான டிராகன் அல்ல இது.

ஆடி முடிக்க இரண்டு மணி நேரம் போதும். அதில் வரும் ஆட்களுக்குக் கண் மூக்கு எதுவும் வரைந்திருக்க மாட்டார்கள். குரல் மட்டும் அந்தக் குடும்பத்தின் சொந்தக் குரல். பிள்ளையின் சிரிப்பும் உண்மைச் சிரிப்பு.

அதில் ஒரு கட்டம். மருத்துவமனை அறையில் இரவு நேரம். பிள்ளை அழுகிறான். உடம்பில் நீர் வற்றிக் கிடக்கிறான்; ஆனால் குடிப்பது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. தகப்பன் என்ன செய்ய வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் பழச்சாறு கொடுக்கிறார். அழுகை நிற்கவில்லை. இன்னொன்றை அமுக்கினால் தூக்கி வைத்துக்கொள்கிறார். அப்போதும் நிற்கவில்லை. நாமும் அந்த அறையைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறோம். எதை அமுக்கினாலும் பயனில்லை. கடைசியில் தகப்பன் செய்யக்கூடியது ஒன்றுமில்லாமல் ஆண்டவனைக் கூப்பிடுகிறார்.

அரசாங்க மருத்துவமனை வார்டில் விடியவிடியப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்த தாய்மார்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்த இரவு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஏன் கேமாகச் செய்ய வேண்டும், படமாக எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கோயில் திடலில் அரிச்சந்திரன் நாடகம் போட்டால், லோகிதாசனைப் பாம்பு தீண்டிய இடத்தில் நாம் அழுகிறோம். ஆனால் அங்கே நாம் பாயில் உட்கார்ந்திருக்கிறவர்கள். பிள்ளையைக் காப்பாற்றும் பொறுப்பு நமக்குக் கிடையாது. கேமில் பொறுப்பு நம் விரலுக்கு வந்துவிடுகிறது. மற்ற கேம்களில் பொத்தானை அமுக்கினால் உடனே ஏதாவது நடக்கும். தோற்றாலும் திரும்ப ஆடி ஜெயிக்கலாம். பிள்ளைகள் அந்தப் பழக்கத்தில்தான் வளர்கிறார்கள். இங்கே அந்தப் பழக்கம் உதவுவதில்லை. கையில் கருவி இருந்தும் கையாலாகாமல் நிற்கிறோம் என்ற உணர்வைக் கேம் ஒன்றினால்தான் இப்படிக் கொடுக்க முடியும் என்பது என் எண்ணம். 'இதில் ஜெயிக்க வழியே இல்லையே, இதெல்லாம் ஒரு விளையாட்டா?' என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2017இல் புதுமைக்கான விருதை இதற்குக் கொடுத்தது.

இன்னொரு கட்டத்தில் மருத்துவமனை எங்கும் அட்டைகள் வைக்கப்பட்டிருக்கும். நன்கொடை கொடுத்தவர்கள், தாங்கள் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்களை நினைத்து எழுதிக் கொடுத்தவை அவை. ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். நான் பாதியிலேயே எழுந்து முகம் கழுவிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

சின்னப் பிள்ளைகள் கையில் இதைத் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் அண்ணன், அக்காமார் ஆடட்டும். அப்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாள் உங்கள் மகன் கேமை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், "என்னடா, தோத்துட்டியா?" என்று கேலி பேசாமல், "அதுல யாருப்பா வந்தாங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் யாரையாவது பறிகொடுத்த பிள்ளையாக இருந்தால், அதுவரை வாய் திறக்காதவன் அன்றைக்குப் பேசினாலும் பேசுவான்.

பரிசு வாங்கப் பிள்ளைகள் பொறுமையிழந்து காத்திருக்கிறார்கள்.